நிற்கக் கற்ற நாய்

பொத்தேரி என்றால் நிறையப் பேருக்கு ஒரு ரயில் நிலையமும் அதையொட்டிய பல்கலைக்கழகமும்தான். காலை ஏழு மணிக்குமேல் செங்கல்பட்டு லோக்கலில் வந்து இறங்கினால் முதுகுப்பைகளுக்கு நடுவே நடைமேடையே தெரியாது. ஆனால் ஐந்தரை மணிக்கு, ஜிஎஸ்டி சாலையின் லாரிச் சத்தம் கொஞ்சம் ஓயும் இடைவெளியில், ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கவுதாரி கூவுவது கேட்கும். ஒன்று ஆரம்பித்தால் இன்னொன்று பதில் சொல்லும். மனைப்பிரிவுக் கற்கள் நட்டு, வேலி போட்டு, விற்காமல் கிடக்கும் நிலங்களில் புல்லும் காரைப்புதரும் சீமைக்கருவேலமும் மண்டியிருக்கின்றன. வீடு வரும்வரை அது கவுதாரியின் ஊர்.

அந்த நிலத்தில் நாய் வளர்ப்பவர்கள் இரண்டு பேரோடு மூன்று வருடங்களாக நடக்கிறேன். கார்த்திகை மழை விட்டதும் தொடங்கி மாசி முடிவதற்குள் நிறுத்திவிடுவோம். ஒருவர் சாத்தூர்ப் பக்கத்துக்காரர், மறைமலைநகரில் தொழிற்சாலை வேலை. வாடகை வீட்டு மாடியில் ஒரு கன்னிப் பெட்டை வைத்திருக்கிறார்; ஊரில் தம்பி பொறுப்பில் நான்கு சிப்பிப்பாறைகள். இன்னொருவர் கூடுவாஞ்சேரியில் நாய்த் தீனிக் கடை நடத்துபவர். அவரிடம் ஒரு பாயிண்டர் கடுவனும், மீனு என்ற இங்கிலீஷ் செட்டர் பெட்டையும் இருக்கின்றன. நான் இருக்கும் அடுக்ககத்தில் நாய் வளர்க்க அனுமதி இல்லை. அதனால் கயிறு பிடிக்கவும் தண்ணீர்ப் பாட்டில் தூக்கவும் போகிறேன். சாத்தூர் அண்ணன், கூடுவாஞ்சேரி அண்ணன் என்றுதான் இருவரையும் கூப்பிடுவது.

மூன்று பேருக்கும் இடையில் மூன்று வருடமாக ஓயாத ஒரு சண்டை உண்டு. வேட்டையே இல்லாத நாட்டில் வேட்டை நாய்க்கு என்ன வேலை?

*

செட்டர் என்ன செய்யும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்வது கடினம், ஏனென்றால் அது எதையும் செய்யாமல் இருப்பதுதான் அதன் வேலை.

காற்றுக்கு எதிர்முகமாக நாயை விட வேண்டும். அது நேராகப் போகாது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று தறியில் நாடா ஓடுவதைப் போலக் குறுக்கே ஓடிக்கொண்டே முன்னேறும். தலை நிலத்தில் இருக்காது. மோப்ப நாய் என்றதும் நம் மனதில் வரும், மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு தடம் பிடிக்கும் நாய் வேறு. செட்டரும் பாயிண்டரும் தலையை உயர்த்தி, காற்றில் மிதந்து வரும் வாடையைப் பிடிப்பவை. புல்லுக்குள் பறவை படுத்திருக்கிறது என்று தெரிந்த கணத்தில் ஓட்டம் அறுந்துவிடும். ஒரு கால் பாதி தூக்கியபடி, வால் நீட்டி, உடம்பு முழுக்க இறுகி அப்படியே நின்றுவிடும். மீனு இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, முன்னங்கால் மடங்க, பதுங்குவதுபோல நிற்பாள். கண் இமைக்காது. வாய் மூடியிருக்கும். அருகில் போய் முதுகில் கை வைத்தால் உள்ளே மோட்டார் ஓடுவதுபோல் அதிர்வு தெரியும்.

ஓநாயோ புலியோ இரையைக் கண்டால் ஒரு வரிசை உண்டு: தேடும், பார்க்கும், பதுங்கும், பாயும், கடிக்கும். பாய்வதற்கு முன்னால் பல பூனை, நாய் இனங்கள் ஒரு நொடி உறைகின்றன. அந்த ஒரு நொடியை மனிதர்கள் சில நூற்றாண்டுகள் பொறுக்கி எடுத்து வளர்த்து நிமிடக் கணக்கில் நீட்டிவிட்டார்கள். அடுத்து வரும் பாய்ச்சலையும் கடியையும் மழுக்கிவிட்டார்கள். செட்டர் என்பது அந்த நீட்டப்பட்ட நொடிதான்.

இது துப்பாக்கிக்காக உருவானது என்று நினைத்திருந்தேன். இல்லை. 1570-இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர் ஜான் கையஸ் இங்கிலாந்து நாய்களைப் பற்றி லத்தீனில் எழுதிய சிறு நூலிலேயே இந்த நாய் வருகிறது. அது பறவையைக் கண்டு தரையோடு படுக்கும். ஆட்கள் வலையை விரித்து இழுத்துக்கொண்டு வந்து மூடுவார்கள். நாய் தாழ்ந்து படுத்தால்தான் வலை அதன் தலைக்கு மேலே போகும். மீனு இன்றைக்கும் முன்னங்காலை மடக்குவது அந்த வலைக்காக. வலை போய், துப்பாக்கி வந்து, எங்கள் விஷயத்தில் துப்பாக்கியும் போய்விட்டது. மடக்கு மட்டும் உடம்பில் மிச்சம்.

நவீன நாய்க் கண்காட்சியின் கதையே செட்டரில்தான் தொடங்குகிறது. 1859-இல் நியூகாசில் நகரத்தில் நடந்த முதல் கண்காட்சியில் அனுமதிக்கப்பட்டவை செட்டர்களும் பாயிண்டர்களும் மட்டும். பரிசு துப்பாக்கிகள். செட்டர் பிரிவில் வென்ற நாயின் சொந்தக்காரர் பாயிண்டர் பிரிவுக்கு நடுவர்; பாயிண்டர் பிரிவில் வென்றவர் செட்டர் பிரிவுக்கு நடுவர். இதை முதல்முறை கேட்டபோது கூடுவாஞ்சேரி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்பவே ஆரம்பிச்சுட்டானுங்களா? நம்ம ஊரு ஷோவ இனிமே குறை சொல்லக் கூடாதுடா தம்பி."

ஆறு வருடம் கழித்து, 1865-இல், பெட்ஃபோர்ட்ஷயரில் சௌத்ஹில் என்ற இடத்தில் முதல் களப்போட்டி வைத்தார்கள். வளையத்துக்குள் நிற்க வைத்துப் பார்த்தால் நாயின் அழகு தெரியும், குணம் தெரியாது என்ற சந்தேகம் அதற்குள் வந்திருக்க வேண்டும். அதற்குப்பின் செட்டர் மெல்ல இரண்டாகப் பிரிந்தது. கண்காட்சிச் செட்டர் கனத்து, மயிர் நீண்டு, பட்டுத்துணி போலானது. களச் செட்டர் சிறியது, ஒல்லி, பார்வைக்குச் சுமார். பெயரும் வம்சாவளித் தாளும் ஒன்றே. நாய் வேறு.

*

நம் நாய்கள் வேறு வழியில் வந்தவை. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் வேட்டையாடுபவை. நீண்ட மூஞ்சி, ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு. கரிசல் காட்டின் திறந்த வெளியில் முயல் எழுந்ததும் பார்வையில் பிடித்துத் துரத்தி, திருப்பத்தில் மடக்கி, வாயில் கவ்வ வேண்டும். அங்கே நிற்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நின்றால் முயல் போய்விடும்.

சாத்தூர் அண்ணனின் தாத்தா காலத்தில் நாய்க்குட்டியை விலைக்கு வாங்குவது அவமானம். கேட்டுத்தான் வாங்குவார்கள். கல்யாணச் சீரில் போனதால்தான் கன்னி என்ற பெயர் வந்தது என்று அந்தப் பக்கம் ஒரு கதை உண்டு. கொடுத்தவர் ஆறு மாதம் கழித்து வந்து, "காட்டுக்கு விட்டியா? எப்படி ஓடுது?" என்று கேட்பார். ஓடாத நாயிலிருந்து குட்டி எடுப்பதில்லை. எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. எடுத்தால் ஊர் சிரிக்கும், அவ்வளவுதான்.

நாய்க்கு இங்கே மரியாதை இல்லாமல் இல்லை. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறுப்பூசலில் இறந்த வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் பொறித்திருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயர் கல்லில் ஏறியிருக்கிறது.

ஆனால் பறவை வேட்டைக்கு நாம் நாயை நம்பவில்லை. சங்கப் பாடல்களில் காடையும் கவுதாரியும் குறும்பூழ், இதல், சிவல் என்று தனித்தனிப் பெயரோடு வருகின்றன. ஞமலி என்று நாயும் வருகிறது. பறவையைப் பிடித்தது பெரும்பாலும் கண்ணியும் வலையும்தான். இந்த வட்டாரத்தில் கவுதாரி பிடிப்பதென்றால் பழக்கிய கவுதாரி ஒன்றைக் கூண்டில் வைத்து, சுற்றிலும் கண்ணி நடுவார்கள். கூண்டுக்குள் இருப்பது கூவும். தன் எல்லைக்குள் இன்னொருவன் வந்துவிட்டான் என்று காட்டுச் சேவல் சண்டைக்கு ஓடிவந்து காலை விடும். நரிக்குறவர்களில் வயதானவர்கள் கூண்டே இல்லாமல் வாயாலேயே அந்தக் கூவலை எழுப்புவார்கள். காடைக்கு வேறு சத்தம், உள்ளானுக்கு வேறு நேரம், வேறு வலை.

செட்டர் நம் ஊருக்கு ஏன் ஒட்டவில்லை என்பதற்குக் கவுதாரியே ஒரு காரணம். காடை நல்ல பறவை. ஆபத்து என்றால் இருந்த இடத்தில் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். காலுக்கடியில் போனால்தான் எழும். நாய் நிற்க அவகாசம் தரும். கவுதாரி ஓடும். பறக்கச் சோம்பல், ஓட்டத்தில் புலி. நாய் நிலைகுத்தி நின்று, நாம் பெருமையோடு போய்ப் பார்ப்பதற்குள் அது ஐம்பதடி தாண்டி வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும். மீனு நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, மறுபடி நின்று, மறுபடி நகர்ந்து, கடைசியில் எங்களைத் திரும்பிப் பார்ப்பாள். "இந்த ஊரு பறவைக்கு ரூல்ஸ் தெரியல" என்பார் கூடுவாஞ்சேரி அண்ணன்.

வெயில் இன்னொரு காரணம். பனியீரம் இருக்கும்வரைதான் வாடை நிலத்தில் நிற்கும். ஏழரைக்குமேல் மண் சூடேறியதும் மூக்குக்கு வேலையில்லை. செட்டரின் நீண்ட மயிரில் நாயுருவியும் ஒட்டுப்புல்லும் அப்பிக்கொள்ளும், காலிடுக்கில் நெருஞ்சி ஏறும். திரும்பி வந்து மயிரைப் பிரித்து முள்ளும் உண்ணியும் எடுப்பதற்கு நடந்த நேரத்தைவிட அதிக நேரம் ஆகும். குட்டை மயிர்ப் பாயிண்டருக்கு இந்தத் தொல்லை பாதி.

*

இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் துப்பாக்கியோடு பறவை வேட்டைக்கு வந்தவர்கள் ஆங்கிலேயர்கள். ஐப்பசி வாக்கில் உள்ளான் வலசை வந்து நெல் வயல்களின் சேற்றில் இறங்கும். காலடிச் சத்தம் கேட்டதும் வளைந்து வளைந்து பறக்கும் அந்தச் சின்னப் பறவையைச் சுடுவது பெரிய திறமையாகக் கருதப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயர் ஸ்னைப். 18-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் எழுதிய கடிதங்களில் உள்ளான் வேட்டைக்குப் போவதைச் சொல்லும் வார்த்தையிலிருந்துதான் பின்னால் ஸ்னைப்பர் என்ற ராணுவச் சொல் வந்தது என்கிறார்கள். ஒளிந்திருந்து மனிதனைச் சுடுபவனின் பெயருக்குள் நம் வயல்வெளிப் பறவை ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

அதே நூற்றாண்டின் கடைசியில் அதே மாவட்டத்தில் நடந்த இன்னொன்றும் உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்றார்கள். அப்போது செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ். பறவைகளைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்று 1798-இல் எழுத்து மூலமாகக் கவுல் கொடுத்தார். 1858-இல் அதை மறுபடி புதுப்பித்து வாங்கினார்கள். சரணாலயம் என்ற பெயர் வந்தது 1936-இல்தான். ஊர்க்காரர்களுக்கு அது அன்பு மட்டும் அல்ல, கணக்கும்கூட. மரத்திலிருந்து எச்சம் விழும் ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை போனால் விளைச்சல் போகும்.

நான் இதைச் சொன்னபோது சாத்தூர் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப தொரை சுட்டா அதுக்குப் பேரு விளையாட்டு. குறவரு கண்ணி வச்சா திருட்டு. நம்ம நாய் முயல் புடிச்சா கேஸு. எல்லாம் ஒரே உசுருதான?" என்றார்.

அவர் கோபம் சட்டத்தின் மேல் அல்ல, வரிசையின் மேல். விளையாட்டுக்குச் சுட்டவர்கள் நிறுத்திவிட்டு வேறு விளையாட்டுக்குப் போனார்கள். வயிற்றுக்குப் பிடித்தவர்களுக்குப் போக இடமில்லை. நரிக்குறவர்கள் பாசிமணிக்கும் ஊசிக்கும் மாறினார்கள். மாமல்லபுரம் பக்கத்தில் பூஞ்சேரியில் இருக்கும் குடும்பங்கள் கோயிலுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளிடம் மணிமாலை விற்கின்றன. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வாயால் கவுதாரியை வரவழைக்கத் தெரிந்த கடைசி ஆட்களுக்கு அதற்குள் பல் போய்விட்டது.

*

சட்டம் தெளிவானது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது உரிமம் வாங்கிக்கொண்டு வேட்டையாடச் சில வழிகளை விட்டுவைத்திருந்தது. 1991-இல் திருத்தம் வந்து அந்த வழிகளையும் அடைத்தது. கவுதாரி, காடை, முயல் மூன்றும் இன்றும் பாதுகாக்கப்பட்ட உயிர்கள். சிவராத்திரியை ஒட்டியும் வேறு திருவிழாக்களை ஒட்டியும் தென்மாவட்டக் கிராமங்களில் நடந்துவந்த முயல் வேட்டைகளை வனத்துறை காவல் போட்டுத் தடுக்கிறது.

என் நண்பர்கள் இருவரும் பலமுறை படித்தும் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் சட்டத்தின் வரையறைப் பகுதியில் இருக்கிறது. வேட்டை என்றால் கொல்வது மட்டும் அல்ல. பிடிப்பது, நாய்விட்டுத் துரத்துவது, கண்ணி வைப்பது, விரட்டி ஓட்டுவது, இரை வைத்து இழுப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். பறவை என்றால் கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் சேரும். அதாவது துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை, நாய் சும்மா பறவையை எழுப்பிவிடுகிறது என்று சொல்லித் தப்ப முடியாது.

அதனால் எங்கள் நடைக்கு விதிகள் உண்டு. காப்புக்காட்டின் பக்கம் போவதில்லை. தெரிந்தவர்களின் பட்டா நிலம், அவர்கள் சம்மதத்தோடு மட்டும். மாசிக்குப் பிறகு கூடு கட்டும் காலம் என்பதால் நிறுத்திவிடுவோம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கயிறு. மீனுவின் மார்புப்பட்டையிலிருந்து முப்பதடி நைலான் கயிறு என் கையில் இருக்கும். அவள் நின்றால் நாங்களும் நின்றுவிடுவோம். யாரும் முன்னால் போய்ப் பறவையை எழுப்பக் கூடாது. கூடுவாஞ்சேரி அண்ணன் மெல்லப் போய் அவள் கழுத்தைத் தொட்டு, "போதும்டீ, வா" என்று சொல்லித் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

குட்டியிலிருந்தே இதற்குப் பழக்க வேண்டும். மீன்பிடிக்கும் தூண்டில் குச்சியின் முனையில் உதிர்ந்த புறா இறகைக் கட்டி, தரையில் ஆட்டுவார் அவர். எட்டு வாரக் குட்டி பாய்ந்து பிடிக்கப் பார்க்கும், இறகு பறந்துவிடும். பத்துத் தடவை ஏமாந்த பிறகு பாய்ந்தால் கிடைக்காது என்று புரிந்து, ஒரு தடவை நிற்கும். முதல் தடவை நிற்கும்போது குட்டிக்கே என்ன நடந்தது என்று தெரியாது. கால்கள் நடுங்கும். யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றை உடம்பு செய்துவிட்டதில் அதற்கே ஓர் ஆச்சரியம் இருப்பதுபோலத் தெரியும். எல்லாக் குட்டியும் நிற்பதில்லை. மீனுவின் முதல் ஈத்தில் ஏழு குட்டிகள், நான்குதான் நின்றன.

போன மார்கழியில் ஒரு காலை. ராத்திரி நல்ல பனி. காற்று மேற்கிலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது. கடற்காற்று எழும்ப மதியம் ஆகும். மீனு இரண்டு மனைகளுக்கு நடுவிலிருந்த ஓடையோரப் புல்லில் திடீரென்று அடித்து வைத்ததுபோல் நின்றாள். கயிறு என் கையில் தொய்ந்தது. கவுதாரி இல்லை என்று உடனே தெரிந்தது, ஏனென்றால் அவள் நகரவே இல்லை. கூடுவாஞ்சேரி அண்ணன் கையை உயர்த்தினார். நான்கு பேரும் நின்றோம், நாயையும் சேர்த்து. இரண்டு நிமிடம் இருக்கும். புல்லில் எனக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு மீனுவின் மூக்குக்கு ஆறடி முன்னால், உதிர்ந்த இலை என்று நான் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று கண் சிமிட்டியது. காடை. அதன் பக்கத்தில் இன்னொன்று. பறவையும் நாயும் ஒன்றையொன்று பார்த்தபடி, இரண்டுமே அசையாமல்.

அண்ணன் அவளைத் தொட்டுத் திருப்பினார். காடைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. கொஞ்ச தூரம் வந்ததும் சாத்தூர் அண்ணன் காறித் துப்பினார்.

"இது பாவம்யா. ஓடவும் விடல, புடிக்கவும் விடல. சோத்தக் காட்டிட்டு எலையப் புடுங்குன மாதிரி இருக்கு."

"உங்க நாய்க்கு அது சோறு. இவளுக்கு நிக்குறதுதான் சோறு. மூஞ்சியப் பாருங்க."

மீனு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, வாலை ஆட்டியபடி, அடுத்த மனைக்குக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். ஏமாந்த முகமாக எனக்கும் தெரியவில்லை.

*

ஆனால் சாத்தூர் அண்ணனின் நிலைமைக்கு அந்தப் பதில் பொருந்தாது. அவருடைய கன்னிக்கு நிற்பதில் ஒன்றும் இல்லை. ஓட வேண்டும், பிடிக்க வேண்டும். கயிற்றில் கட்டி அதைச் சோதிக்க முடியாது. ஊரில் அவர் தம்பி பழைய ஸ்கூட்டர் சக்கரத்தைத் தலைகீழாக நிறுத்தி, கயிறு சுற்றி, முனையில் சாக்குத்துணியைக் கட்டி இழுத்து ஓட்டிப் பார்க்கிறார். வேகம் தெரியும். முயல் வெட்டித் திரும்பும்போது கூடவே திரும்பும் புத்தி சாக்குத்துணியில் தெரியாது.

இதற்கு நடுவில் நாட்டு நாய்களுக்கு மவுசு வந்துவிட்டது. 2005-இல் ராஜபாளையம் தபால்தலையில் ஏறியது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு மாட்டோடு சேர்த்து நாயின் மேலும் பாசம் பெருகியது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை பெயர்கள் வந்ததும் தம்பிக்குப் போன் மேல் போன். தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் பல காலம் எழுதி, பேசி, காப்பாற்றக் கேட்ட நாய்கள் இவை. இனம் அழியாது என்பது இப்போது கிட்டத்தட்ட உறுதி. கேட்பவர்கள் அவ்வளவு பேர்.

என்ன கேட்கிறார்கள் என்பதுதான் விஷயம். போட்டோ அனுப்புங்கள் என்கிறார்கள். மூஞ்சி எவ்வளவு நீளம், வயிறு எவ்வளவு ஒட்டியிருக்கிறது, நிறம் சுத்தமா. எப்படி ஓடுகிறது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை என்று தம்பி சொல்கிறார். வாங்குபவர்கள்மேல் தப்பில்லை. மூன்றாவது மாடியில் வளர்க்கப் போகிறவர்களுக்கு அது எதற்கு? ஆனால் கேட்கப்படாத குணத்தை யாரும் பொறுக்கி எடுக்க மாட்டார்கள். பொறுக்காத குணம் நாலைந்து தலைமுறையில் கரைந்துவிடும். நியூகாசிலுக்குப் பிறகு செட்டருக்கு நடந்தது இதுதான். வித்தியாசம் என்னவென்றால், அவர்களுக்குக் களப்போட்டி என்று ஒன்று இருந்தது, அதனால் இரண்டில் ஒன்றாவது மிஞ்சியது. சிப்பிப்பாறைக்குப் போட்டோ மட்டும்தான் இருக்கிறது.

"பாத்து வளத்தா அழகு மிஞ்சும். ஓட்டி வளத்தாத்தான் நாய் மிஞ்சும்" என்பார் சாத்தூர் அண்ணன். அதற்காக முயலைக் கொல்லலாமா என்று நான் கேட்டால், கூடாது என்பார். அப்புறம் என்னதான் செய்வது என்றால், "அதத்தான்டா நானும் கேக்குறேன்" என்பார்.

*

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் எங்களிடமிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில்.

இருளர்கள் இந்த மாவட்டத்தின் பாம்பு வேட்டைக்காரர்கள். தோலுக்காகப் பாம்பு பிடித்து விற்றுப் பிழைத்தவர்கள். 1972 சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் சேர்ந்து அந்தப் பிழைப்பை ஒரே அடியாக நிறுத்தின. நரிக்குறவர்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேர்ந்திருக்கும். ஆனால் ராமுலஸ் விட்டேகர் போன்றவர்களின் துணையோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அதே ஆட்கள், அதே கடப்பாரை, அதே கண். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடிப்பார்கள். மண்பானையில் சில வாரங்கள் வைத்து விஷம் எடுப்பார்கள். பிறகு திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்து போகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளில் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே 13-ஐப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

அங்கே காப்பாற்றப்பட்டது பாம்பு மட்டும் அல்ல. மண்ணில் ஒரு வழவழப்பைப் பார்த்து எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லும் அறிவும்தான். கொலையை வெளியே எடுத்துவிட்டு, திறமையை மட்டும் உள்ளே வைத்து, அதற்குச் சம்பளமும் கொடுக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

செட்டருக்கு அப்படி ஒரு வேலை உலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. நார்வே மலைகளில் வேட்டைப் பருவத்துக்கு முன்னால், ஆகஸ்டில், செட்டர்களோடும் பாயிண்டர்களோடும் ஆட்கள் நேர்கோட்டில் நடந்து காட்டுக்கோழிகளை எண்ணுகிறார்கள். பிரிட்டனிலும் இப்படி எண்ணும் வழக்கம் உண்டு. புல்லுக்குள் அசையாமல் கிடக்கும் பறவை மனிதக் கண்ணுக்குத் தெரியாது. நாய் நின்றால் ஒன்று என்று கணக்கு. அங்கே அந்தக் கணக்கு அந்த வருடம் எத்தனை சுடலாம் என்று முடிவெடுக்க உதவுகிறது. இங்கே சுடுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் எத்தனை மிச்சம் என்று தெரிந்துகொள்ள வேண்டியது நமக்குத்தான் அவர்களைவிட அவசரம். கவுதாரியைக் கூவலை வைத்து எண்ணிவிடலாம். காடை வருடத்தில் பாதி நாள் வாயே திறக்காது. வனத்துறை அனுமதியோடு, பல்கலைக்கழகம் ஒன்றின் துணையோடு முறைப்படி இதைச் செய்ய முடியும் என்று நம்புகிறேன். கூடுவாஞ்சேரி அண்ணனுக்கு இதில் நம்பிக்கை குறைவு. "மனு போட்டா, மொதல்ல நம்ம மூணு பேரயும் எண்ணுவாங்க" என்கிறார்.

இருந்தாலும் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். கடைக் கணக்கு எழுதும் நீள நோட்டு. தேதி, நேரம், காற்றின் திசை, மீனு நின்ற இடம், என்ன பறவை, எத்தனை. எழுதுவது சாத்தூர் அண்ணன். பாவம் என்று துப்பியவர்தான் பிடிவாதமாக அந்த வேலையை வாங்கிக்கொண்டார். முதல் வருடம் காடைக்காக அவள் நின்ற இடங்கள் பதினொன்று. இரண்டாம் வருடம் எட்டு. இந்த வருடம் ஐந்து. எந்தத் துப்பாக்கியும் இங்கே வெடிக்கவில்லை, எந்தக் கண்ணியும் எங்கள் கண்ணில் படவில்லை. குறைந்துபோன ஆறு இடங்களில் மூன்றில் இப்போது சுற்றுச்சுவர். ஒன்றில் செம்மண் கொட்டி மட்டம் செய்திருக்கிறார்கள். ஒன்றில் தெருநாய்க் கூட்டம் குடியேறிவிட்டது. ஆறாவதற்குக் காரணம் தெரியவில்லை. புல் அப்படியே இருக்கிறது, மீனு குறுக்கும் நெடுக்குமாகப் போய்விட்டு நிற்காமல் வெளியே வந்துவிட்டாள்.

அந்த வரிக்கு எதிரே சாத்தூர் அண்ணன் 'இல்லை' என்று எழுதவில்லை. 'நாய் நிக்கல' என்று எழுதியிருக்கிறார். பறவை இருந்ததா என்று நமக்குத் தெரியாது, நாய் நிற்காதது மட்டும்தான் தெரியும், தெரிந்ததைத்தான் எழுத முடியும் என்றார். மீனுவின் அடுத்த ஈத்துக்கு ஆள் கேட்டுப் போன் வரத் தொடங்கியிருக்கிறது. குட்டிகள் எட்டு வாரம் ஆகி, இறகைக் காட்டி, எது நிற்கிறது எது நிற்கவில்லை என்று நோட்டில் ஏறும்வரை யாருக்கும் போட்டோ கிடையாது என்று கூடுவாஞ்சேரி அண்ணன் சொல்லிவிட்டார். இரண்டு பேர் வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும், "நிற்பதென்றால் என்ன சார்?" என்று கேட்டார். அவரோடு அண்ணன் முக்கால் மணி நேரம் பேசினார்.